இரண்டாவது பெடல்

காலை ஏழு நாற்பதுக்கு, இருபத்து மூன்றாவது கோட்டின் இடது கையைப் பலகையில் விரித்துப் பெடலை மிதித்தபோது, கொக்கின் இடுப்பில் யாரோ ஆணி அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஈரக் கோட்டு வண்டி மட்டும் நின்றது.

அவள் விழவில்லை. விழுந்திருந்தால் நல்லதாகப் போயிருக்கும் என்று பிற்பாடு அவள் நாத்தனார் சொன்னாள். விழுந்தவளைத் தூக்குவார்கள், நாலு பேருக்குத் தெரியும், ஏதாவது ஒரு வழி பிறக்கும். இவள் பிரஸ்ஸின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேல்தட்டு இறங்கி ஆவி சீறியது. எட்டு எண்ணினாள். பெடலை விட்டாள். கோட்டைப் புரட்டினாள்.

வேலையே அதுதான். ஆஸ்பத்திரி டாக்டர்களின் கோட்டு, ஓட்டல் சமையல்காரர்களின் கோட்டு, எல்லாம் துவைத்து ஈரத்தோடு வந்து சேரும். கீழே மெத்தை வைத்த பலகை, மேலே கொதிக்கிற தட்டு, தரையில் ஒரு பெடல். வலது காலால் மிதித்தால் தட்டு இறங்கும். எட்டு எண்ணுகிறவரை காலை எடுக்கக் கூடாது. காலர், இரண்டு கை, இரண்டு முன்பக்கம், முதுகு. ஒரு கோட்டுக்கு ஆறு மிதி. ஒரு ஷிப்டுக்கு நூற்றி முப்பது கோட்டு. வலது கால் மிதிக்கிற நேரமெல்லாம் மொத்த உடம்பும் இடது காலில் நிற்கும். அப்படிப் பதினோரு வருஷம் நின்றிருக்கிறாள்.

கூடத்தில் பன்னிரண்டு பிரஸ். பன்னிரண்டிலும் பெண்கள் ஒற்றைக் காலில்தான் நின்றார்கள். ஆனால் நாலாம் நம்பர்காரிக்கு மட்டும்தான் கொக்கு என்று பட்டம். நெட்டை உடம்பு, நீளக் கழுத்து, அசையாத நிலை. மீனுக்குக் காத்திருக்கிற மாதிரியே நிற்பாள்.

"என்னடி, இன்னிக்குக் கொக்கு ஆடுது?" என்றாள் பக்கத்து ஐந்தாம் நம்பர்காரி.

"கால் மரத்துடுச்சு."

"மரத்த மாதிரி தெரியல. மூஞ்சி கோட்டைவிட வெள்ளையா இருக்கு."

"நீ உன் காலரைப் பாரு. கருகுது."

ஐந்தாம் நம்பர்காரி அலறிக்கொண்டு காலை எடுத்தாள். காலர் கருகவில்லை. அதற்குள் கொக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு இருபத்து நாலாவது கோட்டை எடுத்துவிட்டாள்.

வலியை மறைக்கக் காரணம் இருந்தது. கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பத்து நாளுக்கு மேல் லீவு போட்டால் உன் மெஷின் வேறு ஆளுக்குப் போய்விடும். வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், அந்த மட்டும் தர்மவான்கள். திரும்பி வந்ததும் அழுக்குக் கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே லாரியிலிருந்து இறங்குகிற ஈர மூட்டைகளை இடுப்பில் ஏற்றி, இரும்புப் படி ஏறி, தொட்டியில் கவிழ்க்க வேண்டும். இடுப்பு சரியில்லை என்று லீவு போட்டவளுக்கு இடுப்பு மூட்டை. கொக்குக்கு இது நன்றாகத் தெரியும். அவள் நாத்தனார் அந்தக் கூடத்தில்தான் இருந்தாள்.

*

அன்று சாயங்காலம் மழை. வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு மாடிக்கும் பதினாறு படி. கொக்கு முதல் திருப்பத்தில் நின்று குடையை உதறினாள். இரண்டாவது திருப்பத்திலும் உதறினாள். அப்போது குடையில் தண்ணீரே இல்லை.

"எத்தனை தடவைதான் உதறுவீங்க அண்ணி? குடை கிழிஞ்சிரும்," என்றாள் பின்னால் வந்த நாத்தனார்.

"நீ முன்னால போயேன்."

"போறேன். நீங்க கைப்பிடியை விடுங்க, போறேன். சுவரோட சேர்த்துப் பிடுங்கி எடுத்துட்டு வர்ற மாதிரி பிடிச்சிருக்கீங்க."

நாத்தனார் புருஷனை விட்டுவிட்டு வந்து ஆறு வருஷம் ஆயிற்று. வாய் நீளம், கை அதைவிட நீளம். வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்துவிட்டாள். இரண்டே அறை. முன்னறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னலில் காயாத துணி. பின்னறையில் அடுப்பு, நாத்தனாரின் பாய், அண்ணனின் இரும்புச் சாமான் பெட்டிகள்.

"எங்க?"

"வெளிப்பக்கம். இங்க, இந்த எலும்பு முட்டுது பாரு, அங்க. தொடாதே... தொடாதேன்னு சொல்றேன்ல!"

"தொடாம எப்படி ஒத்தடம் கொடுக்கறது? தூரத்துல நின்னு ஊதவா?"

சூடு பட்டதும் முதலில் இதமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் வலி துடித்துக்கொண்டு கிளம்பியது.

கொக்கின் புருஷன் அப்போதுதான் வந்தான். அதே கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் திருப்புளி இருக்கும். ஊரெல்லாம் அவனுக்குத் திருப்புளி என்றுதான் பேர். அதிகம் பேச மாட்டான். எதையாவது கழற்றிக்கொண்டிருந்தால்தான் வாய் திறப்பான்.

"என்ன ஆச்சு?"

"உன் பெண்டாட்டிக்கு ஆணி அடிச்சிருக்காங்களாம் அண்ணே. நீ போய்க் கழட்டு."

அவன் சிரிக்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். மெஷினில் எந்த இடத்தில் சத்தம் வருகிறது என்று காது கொடுப்பதுபோல ஒரு பார்வை.

"எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தான்."

"பொய் சொல்லாதே. ஒரு மாசமா இடது பக்கம் படுக்க மாட்டேங்கற. சுவத்தைப் பார்த்துப் படுத்தவ, இப்ப என் பக்கம் திரும்பிப் படுக்கற. என்மேல திடீர்னு பாசம் வந்துடுச்சுன்னு நான் நினைச்சுட்டிருந்தேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கொக்குக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இடுப்பு இழுத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

*

எலும்பு டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கட்டை விரலால் ஒரே ஒரு இடத்தில் அழுத்தினாள். கொக்கு மேஜையிலிருந்து ஒரு சாண் எழும்பிவிட்டாள்.

"இங்கதான். எக்ஸ்ரேல எலும்பு நல்லா இருக்கு. எலும்புக்கும் மேல இருக்கற தசைநாருக்கும் நடுவுல ஒரு சின்னப் பை உண்டும்மா. உரசாம இருக்கறதுக்காக. அது புண்ணாகி வீங்கியிருக்கு."

"வாஷர் மாதிரியா டாக்டர்?" என்றான் திருப்புளி.

"அப்படியே வெச்சுக்கலாம்."

"தேஞ்சா மாத்திரலாமே."

"மெஷினா இருந்தா மாத்தலாம். இது தானாத்தான் ஆறணும். ஐஸ் வைங்க. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீங்களா? வேணாம், நிறுத்திருங்க. மாத்திரை எழுதறேன். பக்கத்து ரூம்ல பயிற்சி சொல்லித் தருவாங்க, தினமும் செய்யணும். தூங்கும்போது மல்லாந்து படுங்க, இல்லேன்னா ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலையணை வெச்சுக்கங்க. இதெல்லாம் சுலபம். கஷ்டமானது ஒண்ணுதான். ஒத்தக் கால்ல நிக்கக் கூடாது."



"எத்தனை நாளைக்கு?" என்றாள் கொக்கு.

"ஆறு வாரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

"ஆறு நாள்னு எழுத முடியாதா டாக்டர்?"

"ஆறு நாள்னு எழுதலாம்மா. பைக்குப் படிக்கத் தெரியாதே. உட்கார்ந்து செய்யற வேலை எதுவும் அங்க இல்லையா?"

"உட்கார்ந்தா பெடல் எட்டாது."

டாக்டர் சீட்டு எழுதினாள். ஆறு வாரம் ஓய்வு, கீழே கையெழுத்து, முத்திரை. அதைத் திருப்புளிதான் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் கொடுத்தான். சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"தாராளமா எடுத்துக்கட்டும் தம்பி. யாரு வேணாம்னா? உடம்புதானே முக்கியம். வந்ததும் அழுக்குக் கூடத்துல ஒரு இடம் காலியா இருக்கு, அதையே அவங்களுக்கு வெச்சிருக்கேன்."

திருப்புளி கையை நீட்டினான். "சீட்டைக் கொடுங்க சார்."

"ஏன்?"

"தேதி தப்பா இருக்கு. மாத்திட்டு வர்றேன்."

அந்தச் சீட்டு வீட்டு மேஜையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. ஒரு வாரத்தில் அதன்மேல் நாலு வட்டம் விழுந்திருந்தது.

*

லீவு போடாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கொக்கு, பத்தாவது நாள் தனியாகப் போய் டாக்டரிடம் ஊசி கேட்டாள்.

"போடறேன். ஆனா இது வலியைத்தான் அமுக்கும். வலி இல்லேன்னதும் ஓடிப்போய் நிக்கக் கூடாது. ரெண்டு வாரமாவது உட்காரணும். வலிங்கறது உங்களை நிறுத்தறதுக்கு இருக்கற ஒரே ஆள். அந்த ஆளைத்தான் நான் தூங்க வைக்கப்போறேன். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

நன்றாகவே புரிந்தது. மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றாள்.

ஐந்து வாரம் சொர்க்கம். படியில் நிற்காமல் ஏறினாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "பாசம் போயிடுச்சா?" என்றான் திருப்புளி. ஆறாவது வாரம் திங்கட்கிழமை, பெடலில் கால் வைத்ததும் ஆணி வந்துவிட்டது. இந்தத் தடவை ஆணி இல்லை, கடப்பாரை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கியது.

டாக்டர் இரண்டாவது ஊசி போட மறுத்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் போட்டால் தசைநார் நூலாகப் பிரிந்துவிடும் என்றாள். எப்போதிலிருந்து வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். கொக்கு தரையைப் பார்த்தாள்.

அன்றைக்குத்தான் திருப்புளிக்கு அந்த யோசனை வந்தது.

சோறு தின்றுகொண்டிருந்தார்கள். முட்டையை உடைத்துக்கொண்டிருந்தவன் கையை அப்படியே நிறுத்தினான்.

"வலது கால் நல்லாத்தானே இருக்கு?"

"அதுக்கென்ன?"

"இடது கால்ல நிக்கறதுனாலதானே இடது பக்கம் போச்சு. பெடல் வலது பக்கம் இருக்கறதுனாலதானே இடது கால்ல நிக்கற. இடது பக்கம் இன்னொரு பெடல் வெச்சுட்டா?"

நாத்தனார் வாயில் சோற்றோடு அவனைப் பார்த்தாள். "அண்ணே, நீ தெரிஞ்சுதான் பேசறியா?"

"ஒரு கால் வலிச்சா இன்னொரு கால். சைக்கிள்ல மட்டும் ரெண்டு பெடல் எதுக்கு இருக்கு?"

"சைக்கிள்ல உட்காருவாங்க அண்ணே."

அவன் காதில் அது விழவில்லை. எழுந்து கை கழுவாமலே பின்னறைப் பெட்டியைக் குடையப் போய்விட்டான்.

*

வாராந்திர லீவு நாளில் பிரஸ் கூடம் வேறு இடம் மாதிரி இருக்கும். ஆவி இல்லை, சீறல் இல்லை. பன்னிரண்டு மெஷினும் வாயைத் திறந்துகொண்டு குளிர்ந்து கிடக்கும். பராமரிப்பு வேலை என்று சொல்லிக் காவல்காரனிடம் சாவி வாங்கி, திருப்புளி மனைவியையும் தங்கையையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனான். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டை மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய பெடல். ஒன்றரை அடி இரும்புக் கம்பி. இரண்டு கோண இரும்பு, எட்டு போல்ட். மல்லாக்கப் படுத்துக்கொண்டு மெஷினுக்கு அடியில் நுழைந்தான். நாத்தனார் டார்ச் அடித்தாள்.

"இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"என் மூக்குப் பக்கம்."

"உன் மூக்கு எல்லாப் பக்கமும் இருக்கே அண்ணே."

கொக்கு கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார்ந்து புருஷனின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவன் அவளுக்குச் சேலை வாங்கி வந்தது இரண்டு தடவை. இரண்டும் சாயம்போனது. ஆனால் வீட்டில் அவள் தொடுகிற எல்லாமே அவன் கைபட்டதாக இருந்தது. குழாய்த் திருகு அவள் கைக்கு ஏற்ற மாதிரி இருக்கும். அலமாரிக் கதவு அவள் உயரத்துக்குத் திறக்கும். இப்போது மெஷினுக்கு அடியில் மூன்று மணி நேரமாகக் கிடக்கிறான்.

வெளியே வந்தபோது நெற்றியில் கிரீஸ், கன்னத்தில் துரு.

"நில்லு. மிதி."

கொக்கு வலது காலில் நின்று இடது காலைப் புதுப் பெடலில் வைத்தாள். தட்டு அழகாக இறங்கியது. பழைய பெடலைவிட மென்மையாக. இரண்டாவது தடவை மிதித்தாள். மூன்றாவது மிதியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மெஷினின் இடது பக்கம் தரையை ஒட்டி ஆவிக் குழாய் ஒன்று ஓடியது. பெடலை அதற்கு மேலேதான் வைக்க முடியும். அதனால் வலது பெடலைவிட இது நாலு விரல் உயரம். நாலு விரல்தான். ஆனால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்கினால், நிற்கிற வலது பக்கத்து இடுப்பு வெளியே பிதுங்கி, மொத்தப் பாரமும் அதன் ஓரத்து எலும்பில் போய்த் தொங்கியது. அவனுக்கு இது தெரியாது. அவன் கையால் அழுத்திப் பார்த்தான், காலால் இல்லை. ஒரு ஷிப்டில் எண்ணூறு தடவை மிதிக்கிறவளுக்கு மட்டும்தான் அந்த நாலு விரலின் கணக்கு தெரியும்.

"எப்படி இருக்கு?" என்றான். கிரீஸுக்கு நடுவில் அவன் கண் பளபளத்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் குழாயை வளைக்கப் பார்த்திருப்பான். அதற்கு இந்த ஒரு லீவு நாள் போதாது, இரண்டு நாள் ஆவியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பன்னிரண்டு மெஷினும் நிற்கும், நிற்க விட மாட்டார்கள். அவன் முகம் தொங்கிப்போகும். எல்லாம் அவள் மனதில் ஓடியது.

"நல்லா இருக்கு," என்றாள்.

இந்தக் கதையில் குற்றம் என்று ஒன்று இருக்குமானால், அந்த இரண்டு வார்த்தைதான்.

*

ஒரு மாதம் ஓடியது. பாதி ஷிப்ட் வலது கால், பாதி ஷிப்ட் இடது கால். இடது இடுப்பு மூச்சு விட்டது. காலையில் பயிற்சி, சாயங்காலம் ஐஸ். கொக்கின் கோட்டுகள் நூற்றி ஐம்பதைத் தொட்டன.

அந்த நூற்றி ஐம்பதுதான் காட்டிக்கொடுத்தது. மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நாலாம் நம்பருக்கு முன்னால் குனிந்து பார்த்தார். திருப்புளி பக்கத்தில் வந்து நின்றான். அனுமதி இல்லாமல் மெஷினில் கை வைத்ததற்கு வேலையே போகலாம்.

"இது யார் செஞ்சது?"

"நான்தான் சார். மன்னிச்சுக்கங்க, கழட்டிடறேன்."

"கழட்டறதா? பிரமாதம்யா! மத்த பதினொண்ணுலயும் போட்டுரு."

திருப்புளிக்கு அன்று கால் தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னான். "பிரமாதம்யான்னாரு." நாத்தனார் நாலாவது தடவையை அவனுக்குப் பதிலாகச் சொன்னாள்.

மறுநாள் காலை கூடத்தில் பெஞ்சு இல்லை.

சுவரோரம் நீளமாக ஒரு மரப் பெஞ்சு இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் அதில் உட்காரலாம். பன்னிரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி, சூப்பர்வைசரின் நடையைக் கிண்டல் செய்வது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். இப்போது சுவரில் அதன் தடம் மட்டும் இருந்தது. முதுகுகள் உரசி உரசி எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு நீளக் கோடு.

"கால் மாத்திக்கலாம்னு ஆயிட்டப்புறம் உட்கார்றது எதுக்கு? மாத்திக்கறதே ஓய்வுதானே," என்றார் சூப்பர்வைசர். அது அவர் பேச்சில்லை, மாடியிலிருந்து வந்த பேச்சு. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பெஞ்சை முதலில் எடுத்துவிட்டார்கள். மற்ற மெஷின்களுக்குப் பெடல் பிறகு வரும்.

ஐந்தாம் நம்பர்காரி ஷிப்ட் முடிந்து முகம் கழுவும்போது சொன்னாள். "உன் புருஷன் உனக்காகச் செஞ்சான். தப்புன்னு சொல்ல மாட்டேன். எனக்குச் செய்யறதுக்கு ஒருத்தன் இல்ல, அந்தப் பெஞ்சுதான்டி இருந்துச்சு."

கொக்கு குழாயை மூடினாள். இரண்டு வாரமாகவே அவளுடைய வலது இடுப்பில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது அது கடிக்க ஆரம்பித்திருந்தது.

*

தொண்ணூற்றி ஓராவது கோட்டு. காலர் முடிந்து வலது கை. இடது காலால் மிதித்துக்கொண்டிருந்தவள் ஐந்து எண்ணும்போது வலது பக்கம் சரிந்தாள். பாரத்தை இடது காலுக்கு மாற்றினாள். அது மடங்கியது. திரும்ப வலது. அதுவும் மடங்கியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நாலாம் நம்பருக்கு முன்னால் கொக்கு தரையில் உட்கார்ந்தாள்.

பெடலிலிருந்து கால் விலகியதும் மேல்தட்டு தானாக எழும்பியது. கோட்டு பலகையில் கிடந்து ஆவி விட்டது. ஐந்தாம் நம்பர்காரி ஓடிவந்து முதலில் கோட்டை எடுத்தாள், பிறகு கொக்கின் தோளைப் பிடித்தாள். அது பழக்கம். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். "என்னம்மா இது? எந்திரிங்க, எந்திரிங்க."

"எந்தக் கால்ல சார் எந்திரிக்கறது?" என்றாள் கொக்கு.

கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். அவரும் அவளுடைய இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

டாக்டர் இந்தத் தடவை ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இடது பக்கம் தசைநார் கிழிஞ்சிருக்கு. ஊசி போட்டுட்டு நின்னீங்க பாருங்க, அப்ப ஆரம்பிச்சிருக்கணும். வலது பக்கம் அதே பை, அதே வீக்கம். நீங்க மல்லாந்துதான் படுக்கணும். இடது பக்கமும் கூடாது, வலது பக்கமும் கூடாது."

"ஆபரேஷன்?" என்றான் திருப்புளி.

"பண்ணலாம். பண்ணினா மாசக்கணக்குல ஊன்றுகோல். ஊன்றுகோல்னா இன்னொரு பக்கம் பாரம் தாங்கணும். அந்தப் பக்கம்தான் தாங்காதே. முதல்ல அது அடங்கட்டும். அடங்குமான்னு பார்ப்போம்."

"மறுபடி நிக்கலாமா?"

"வீட்டுக்குள்ள நடக்கலாம். நிக்கற வேலை முடிஞ்சதும்மா."

கொக்கு தலையாட்டினாள். ஏற்கெனவே தெரிந்த செய்தியை யாரோ திரும்பச் சொன்னதுபோல.

*

பதினோராவது நாள் நாலாம் நம்பர் வேறு ஆளுக்குப் போனது. நாத்தனார்தான் செய்தி கொண்டுவந்தாள்.

"சின்னப் பொண்ணு. குட்டை. பெடல் மிதிக்கறதுக்கே குதிக்க வேண்டியிருக்கு. கொக்கு போய் குருவி வந்துடுச்சுன்னு சொல்றாங்க."

"சிரிக்கிறாளா?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு."

"இப்பத்தானே வந்திருக்கா. சிரிப்பா."

வாய் நீளமான நாத்தனார் இப்போதெல்லாம் குறைவாகத்தான் பேசினாள். மூட்டை தூக்கிவிட்டு வந்து அண்ணிக்கு முதுகு துடைத்துவிட்டாள், ஐஸை மாற்றினாள், முழங்காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்தாள். மல்லாந்து படுத்து மல்லாந்து படுத்து கொக்குக்குக் கூரையின் ஒவ்வொரு கீறலும் மனப்பாடம். ஒரு பக்கமாகத் திரும்பித் தூங்குவது ஒரு சுகம் என்று அதற்கு முன் அவள் நினைத்ததே இல்லை. சீட்டு இன்னும் மேஜையில் இருந்தது. வட்டங்களுக்கு அடியில் டாக்டரின் கையெழுத்து கரைந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் திருப்புளி சீக்கிரம் வந்தான். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். நாத்தனார் டீ கொடுத்தாள். குடிக்கவில்லை.

"நாளைக்கு ஆரம்பிக்கணுமாம். பதினொரு மெஷினுக்கும் பெடல் வந்து இறங்கிடுச்சு."

"சரி."

"முடியாதுன்னு சொல்லிட்டேன்."

கொக்கு தலையை மட்டும் திருப்பினாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன. நீ போடலேன்னா வெளிய இருந்து ஆள் வரும்னுட்டாரு மேனேஜர்."

"வருவானா?"

"வருவான். வராம? எட்டு போல்ட்டுதானே. யாரு வேணும்னாலும் போடலாம்."

"போட்டுடுவானே," என்றாள் கொக்கு மெதுவாக. "உயரம் பார்க்க மாட்டான்."

"என்ன உயரம்?"

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். குழாயைச் சொன்னாள், நாலு விரலைச் சொன்னாள், இடுப்பு பிதுங்கியதைச் சொன்னாள். மூன்றாவது மிதியிலேயே தெரியும் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது குரலில் எதுவும் இல்லை. கோட்டுக்கு எத்தனை மிதி என்று புது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"உன் மூஞ்சியில கிரீஸ் இருந்துச்சு."

அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பதினேழு வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, கையால் மூடியிருந்ததால்.

"இந்தா. இங்க பாரு," என்றாள். "நீயே போடு. வெளியாளை விடாதே. நாலு விரல் இறக்கிப் போடு."

"குழாய் இருக்கே. குழாயைத் திருப்பணும்னா ரெண்டு நாள் ஆவியை நிறுத்தணும். விடுவாங்களா?"

"குழாய்மேல ஒட்ட வெச்சாப்பல போட்டா? ரெண்டு விரலாவது இறங்காதா?"

அவன் யோசித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "பெடலைத் தேய்ச்சு மெலிசாக்கினா இறங்கும்."

"அப்ப ரெண்டு விரல்."

"இறக்கிட்டா அவங்களுக்கு வராதா?"

"வரும்," என்றாள். "கொஞ்சம் லேட்டா வரும்."

திருப்புளி எழுந்து பையிலிருந்து அடிக்கோலை எடுத்தான். எடுத்தவன் மறுபடி பைக்குள் போட்டான். அளவு கோலில் இல்லை என்று அவனுக்கு இப்போது தெரியும். தங்கையைக் கூப்பிட்டான். இருவருமாகக் கொக்கின் முதுகைத் தாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். அவன் கீழே மண்டியிட்டு, அவளுடைய இடது பாதத்தைத் தன் உள்ளங்கையில் வாங்கித் தரைக்கு மேலே பிடித்தான்.

"இந்த உயரத்துலதானே இருந்துச்சு?"

"ஆமா. அம்மா... இறக்கு."

இறக்கினான். "இவ்வளவா?"

"இன்னும் கீழ."

"இதுதான் ரெண்டு விரல். இதுக்குக் கீழ குழாய் இருக்கு."

"இன்னும் கீழ."

அவன் இன்னும் இறக்கினான். கையின் பின்பக்கம் சில்லென்று தரையைத் தொட்டது. அவளுடைய பாதம் முழுசாக அவன் கையில் கனத்தது. அதற்குக் கீழே இடம் இல்லை.

"இன்னும்," என்றாள்.